கழியில் அறுத்த சிறகி

தோணிக்கு அவர் அடித்திருந்த பச்சை, எங்கள் வீட்டு இரும்பு கேட்டுக்கு அடித்ததில் மீந்த பச்சை. வெயில் பட்டால் கண் கூசும். துறையில் அது மிதந்ததைப் பார்த்தபோது, பெரிய கிளி ஒன்றைப் பிடித்து யாரோ தண்ணீரில் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

நான் கரைச் சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். கையில் தோணி தள்ளுகிற மூங்கில் கம்பு. முந்தானையை இடுப்பில் செருகி, தலையில் போட்டிருந்த துப்பட்டியைக் காதுக்குப் பின்னால் இறுக்கி முடிந்திருந்தேன். சுபுஹுத் தொழுகை முடிந்து வெளுக்கத் தொடங்கிய நேரம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அன்றுவரை அந்தத் துறைக்கு நான் போனதே இல்லை. எங்கள் தெருப் பெண்கள் யாரும் போக மாட்டார்கள்.

“ஏறு புள்ள” என்றார் என் வீட்டுக்காரர்.

“யாராச்சும் பார்த்தா?”

“பார்க்க யாரு இருக்கா? பார்க்கிற ஆம்பிளை எல்லாம் சவுதியில இருக்கான்.”

“பொம்பளைங்க இருக்காங்கள்ல.”

“அவங்க பார்த்தா நல்லதுதான். பெயிண்டு அழகா இருக்கும்பாங்க.”

வளையல்காரரிடம்கூட நிமிர்ந்து விலை கேட்காதவள் நான். கதவுக்குப் பின்னால் நின்று, பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டுக் கேட்கச் சொல்வேன். அப்படிப்பட்டவள் விடிகிற வெளிச்சத்தில், பச்சைத் தோணியில், வாத்து வேட்டைக்குப் போகிறேன் என்றால் நீங்களே நினைத்துப் பாருங்கள்.

ஏறினேன். தோணி ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, நேரானது.

கேட்டு வந்தது, வீடு பாதி வந்தது

தோணி ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும்.

என் மூத்த மகள் தவழ்கிற காலத்தில் அவர் குவைத்துக்குப் போனார். அங்கே ஒரு கம்பெனியில் லாரி ஓட்டினார். அனுப்பிய பணத்தில் முதலில் கேட்டு வந்தது. கேட்டுக்குப் பின்னால் வீடு பாதி வந்தது. அதற்குள் அங்கே சண்டை வந்துவிட்டது.

பாலைவனம் வழியாக, முகாம் முகாமாகத் தங்கி, ஒருநாள் பட்டுக்கோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. காலில் ஒரு தடித்த ரப்பர் செருப்பு. அது மட்டும் புதுசு. முகாமில் யாரோ கொடுத்ததாம். நடந்தால் பட்டு பட்டென்று குதிகாலில் அடிக்கும்.

அந்தக் கதையை அவர் முழுதாகச் சொன்னதே இல்லை. ஒரே ஒரு தடவை, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“தண்ணி லாரிக்கு வரிசையில நிக்கறப்போ எல்லாரும் அவங்கவங்க வீட்டை நெனச்சு அழுதாங்க. நான் நம்ம கழியைத்தான் நெனச்சுக்கிட்டேன். அவ்வளவு தண்ணி, யாரும் வரிசையில நிக்கல பாரு.”

என் வீட்டுக்காரர் தன் அண்ணனைக் காக்கா என்பார், நான் பெரிய மச்சான் என்பேன். பஜாரில் டிராவல்ஸ் வைத்திருந்தார். ஊர் ஆம்பிளைகளில் பாதிப் பேரை விமானம் ஏற்றியவர் அவர்தான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சண்டை நேரத்தில் எங்கள் வீட்டுக்கு அரிசி அனுப்பியவர். ஆனால் ஆம்பிளை என்றால் விமானத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். தம்பி கைலியோடு கழிக்கரையில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

“ரியாத் விசா ஒண்ணு வந்திருக்கு. டிரைவர் வேலை” என்றார் வந்து.

“எனக்கு வேணாம் காக்கா. நான் தோணி விடப்போறேன்.”

“தோணி விட்டு?”

“சிறகி பிடிக்கப்போறேன்.”

பெரிய மச்சான் சிரித்து முடிக்க நேரமானது. சிறகி என்பது நீர்வாத்து. மழை முடிந்ததும் கூட்டம் கூட்டமாக எங்கள் பக்கம் இறங்கும். ராத்திரி சம்பா வயலில் இறங்கிப் பால் கதிரை உருவித் தின்னும். விடிந்ததும் கழியில் வந்து மிதக்கும். அப்போதெல்லாம் வனத்துறையில் சீட்டு வாங்கிக்கொண்டு வலை போடலாம். பின்னால் முழுத் தடை வந்தது. வந்த அன்றே நாங்கள் வலையைச் சுருட்டிவிட்டோம், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சிரித்து முடித்துப் பெரிய மச்சான் ஒரு பேச்சுப் பேசினார். அவருடைய மகளுக்கு அப்போதுதான் நிக்காஹ் ஆகியிருந்தது. புது மாப்பிள்ளை நாகூர்க்காரர். மாப்பிள்ளை விருந்து வரப்போகிறது.

“சரிடா. விருந்துக்குச் சிறகி கொண்டா. நாகூர்க்காரங்க சாப்பிட்டு நல்லாயிருக்குன்னு சொல்லட்டும். கல்யாண வீடு, விருந்து வீடு, எல்லா ஆர்டரையும் நானே வாங்கித் தர்றேன். கொண்டு வரலைன்னு வச்சுக்க, பேசாம பாஸ்போர்ட்டை எடுத்துட்டு வந்துடு. சம்மதமா?”

“சம்மதம்” என்றார் இவர்.

உள்ளே கதவிடுக்கில் நின்ற என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சம்மதம் என்றுதான் சொல்லியிருப்பேன். ராத்திரி தூக்கத்தில் அவர் தண்ணீர் தண்ணீர் என்று முனகுவதைக் கேட்டவள் நான். அவரை மறுபடி மணலுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை.

மூன்றாவது கோட்டு

கவிழ்ந்து கிடந்த பழைய உப்புத் தோணி ஒன்றை வாங்கினார். இற்றுப்போன பலகைகளை மாற்றினார். சந்துகளில் பஞ்சு வைத்து அடித்துக் கீல் காய்ச்சி ஊற்றினார். அந்தக் கீல் வாடை ஒரு வாரம் எங்கள் சோற்றில்கூட இருந்தது. முன்பக்கம் பிடித்த வாத்துகளைப் போட மூங்கில் கூண்டு. நைலான் வலை. குவைத்தில் லாரியில் பார்த்த மாதிரி உட்காரப் பஞ்சு வைத்த இருக்கை. கடைசியில் அந்தப் பச்சை.

தோணிக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பின்னால் நின்று கம்பு ஊன்றித் தள்ள, ஒருவர் முன்னால் வலையைப் பார்க்க. கம்பு போட வருவதாகச் சொல்லியிருந்த, இவரை நானா நானா என்று அண்ணன் முறையில் கூப்பிடும் காசிம், விருந்துக்கு முந்தின வாரம் வாசலில் வந்து தலையைச் சொறிந்தான்.

“விசா வந்துடுச்சு நானா. உங்க காக்காதான் எடுத்துக் கொடுத்தாங்க.”

பெரிய மச்சான் வேண்டுமென்று செய்தாரா, தானாக அமைந்ததா தெரியாது. இன்றுவரை நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் ஊரில் வேறு ஆளைத் தேடினார். ஒன்று கிழவர்கள், இல்லை பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

கறிவேப்பிலையை உருவிக்கொண்டே “நான் வர்றேன்” என்றேன்.

“நீ வாசலுக்கே வர மாட்டியே.”

“வாசல்ல தண்ணி இல்லையே.”

என் வாப்பா உப்பளத்தில் தோணி தள்ளியவர் என்று இந்தப் பத்தியிலேயே முன்பு ஒரு வாரம் எழுதியிருக்கிறேன். அவருக்குச் சோறு கொண்டுபோவேன். சாப்பிடுகிற நேரம் கம்பு என் கையில் இருக்கும். அதோடு சரி. வயசுக்கு வந்ததும் தோணியிலிருந்து இறக்கிவிட்டார்கள். கல்யாணமாகி வந்த கடைக்கார வீட்டில், உப்பளத்துப் பேச்சை இங்கே எடுக்காதே என்று சொன்னார்கள். எடுக்கவில்லை. வேறு பேச்சையும் எடுக்கவில்லை. அப்படியே பேசாதவள் ஆகிவிட்டேன்.

விருந்து அன்று காலை தோணி வாய்க்காலில் இறங்கியபோது எனக்குக் கம்பு மறந்திருந்தது. சேற்றில் ஊன்றினால் இழுக்க வரவில்லை. இரண்டு தடவை கரையில் முட்டினேன். ஒரு தடவை கம்பு சேற்றிலேயே நின்றுவிட்டது, தோணி போய்விட்டது. அவர் குதித்துப் போய்ப் பிடுங்கி வந்தார்.

“இதுக்கு நான் காசிமைக் கடத்திட்டு வந்திருக்கலாம்.”

“அவனுக்கு விசா உண்டு. எனக்கு இல்லையே, நான்தான் கிடைப்பேன்.”

அவர் திரும்பிப் பார்த்தார். நான் பதிலுக்குப் பதில் பேசுகிறேன் என்பது எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

வாய்க்காலின் இரண்டு பக்கமும் சம்பா கதிர் வாங்கிக்கொண்டிருந்தது. மேட்டூரிலிருந்து கிளம்பிய தண்ணீர், வழியெல்லாம் வயல்களுக்குக் கொடுத்தது போக மிச்சமாக எங்களிடம் வந்து உப்போடு கலக்கும். கலக்கிற இடம் வாசனையிலேயே தெரியும். பயிர் வாசனை நின்று, அலையாத்தி மரத்து இலை அழுகிய வாசனை வரும். அங்கே வாய்க்கால் விரிந்து கழியாகும்.

சிறகிகள் இருந்தன. தண்ணீர் மேல் தவிட்டைக் கொட்டிய மாதிரி அவ்வளவு. நாங்கள் மரத்து மறைவை விட்டு வெளியே வந்ததுதான், மொத்தக் கூட்டமும் விசிலடித்துக்கொண்டு எழும்பியது. சுற்றி வந்து தூரத்தில் இறங்கியது. மறுபடி நெருங்கினோம். மறுபடி எழும்பியது.

“நான் தும்மக்கூட இல்லையே” என்றார்.

“உங்க பச்சை கத்துது” என்றேன்.

கீழே பார்த்தார். கழி முழுக்க சாம்பலும் சேறும்தான் நிறம். நடுவில் எங்கள் கேட்டுப் பச்சை.

தோணியைச் சேற்றுத் திட்டில் ஏற்றினேன். இறங்கி இரண்டு கையாலும் சேற்றை வாரிப் பலகையில் அப்பினேன்.

“ரெண்டு கோட்டு அடிச்சிருக்கேன் புள்ள” என்றார், அழாத குறையாக.

“மூணாவது கோட்டு நான் அடிக்கிறேன்.”

பிறகு அவரும் இறங்கினார். பஞ்சு இருக்கையைக்கூட விடவில்லை. முடித்தபோது தோணியும் நாங்களும் ஒரே நிறம். அவருடைய மூக்கில் மட்டும் சேறு இல்லை. அதிலும் கொஞ்சம் வைத்தேன். குவைத்திலிருந்து வந்தபிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சிப்பி

நாணல் ஓரம் ஆழமில்லாத இடத்தில் கம்புகள் நட்டு, தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே வலையைக் கட்டினோம். பிறகு தோணியைச் சுற்றிக் கொண்டுபோய்க் கூட்டத்துக்குப் பின்னால் வந்தோம். அவசரப்படுத்தக் கூடாது. மெல்ல மெல்ல நெருக்கினால் சிறகி நீந்தி நகரும். கடைசியில்தான் எழும்பும். எழும்பும்போது தாழ்வாகத்தான் பறக்கும். வலை அந்தத் தாழ்வுக்குத்தான்.

அவர் துண்டை வீசினார். கூட்டம் எழும்பியது. வலை குலுங்கியது. ஒரு பக்கத்துக் கம்பு சாய்ந்து, வலை பாரத்தோடு தண்ணீரில் படிந்துவிட்டது.

“தூக்கணும், முங்கிடும்” என்று சொல்லிக்கொண்டே அவர் குதித்தார். சாய்ந்த கம்பு போய் ஒரு பழைய மரக்கட்டை மேல் கிடந்தது. கட்டை முழுக்கச் சிப்பி ஓடு ஒட்டியிருந்தது. வேகத்தில் கையை அதன்மேல் வைத்து அழுத்தினார்.

கையைத் தூக்கிப் பார்த்தார். வலது உள்ளங்கை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பிளந்திருந்தது.

துப்பட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். அதற்குள் வலையில் சில செத்துவிட்டன. மற்றவை தலை தண்ணீரில் தொங்க, இறக்கை முறிந்து துடித்துக்கொண்டிருந்தன. உயிரோடு கூண்டில் போட்டு ஊருக்குக் கொண்டுபோய், பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினாரை விட்டு அறுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம். துறை வரைக்கும் இவை தாங்காது என்று பார்த்தாலே தெரிந்தது.

தானாகச் செத்தது எங்களுக்கு ஆகாது. உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லிக் கழுத்தை அறுத்தால்தான் ஆகும். அறுக்காமல் விட்டால் அத்தனையும் நாய்க்குத்தான். விருந்து போய்விடும். விருந்து போனால் அவரும் போய்விடுவார்.

கத்தியை அவர் இடது கையில் எடுத்தார். ஒன்றின் கழுத்தில் வைத்தார். பழக்கமில்லாத கையில் கத்தி நழுவியது. பறவை திமிறிற்று. மறுபடி வைத்தார். மறுபடியும் நழுவியது.

“வதை பண்ணாதீங்க” என்றேன். “இங்க கொடுங்க.”

சூரியனுக்கு முதுகு

இந்த இடத்தில் எங்கள் தெருவைப் பற்றிச் சொன்னால்தான் விளங்கும். எங்கள் தெருவில் பெண்கள் மீன் அரிவார்கள், ஆட்டுத்தலை வாட்டுவார்கள், குடல் கழுவுவார்கள். கோழி அறுக்க மாட்டார்கள். அதற்கு ஆம்பிளை வர வேண்டும். ஆம்பிளைகள் எல்லாம் கடலுக்கு அந்தப்பக்கம். விருந்தாளி வந்துவிட்டால், கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவோரம் நிற்பார்கள். தெருவில் யாராவது கைலி கட்டியவர் போகிறாரா என்று பார்ப்பார்கள். உலை கொதித்து அடங்கிவிடும். கோழி அவர்கள் கையிலேயே தூங்கிவிடும். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

பெண் அறுத்தால் ஆகுமா, ஆகாதா? கத்தியை வாங்கின நிமிஷத்தில் எனக்குத் தெரியாது. ஓதிக் கொடுத்தவர்கள் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. துடித்துக்கொண்டிருந்த அந்தப் பறவைக்கு என் சந்தேகம் தீரும்வரை பொறுமை இல்லை.

“கிப்லா பக்கம் திருப்பணும்” என்றார் அவர்.

கம்பை ஊன்றித் தோணியைத் திருப்பினேன். சூரியன் முதுகில் சுட்டது. முன்னால் மேற்கு, மக்கா இருக்கிற திசை. அந்த ஒரு தடவை கம்பு நான் சொன்னபடி கேட்டது.

அவர் இடது கையால் இறக்கையைச் சேர்த்துப் பிடித்தார். நான் கழுத்தின் மென்மயிரை விரலால் விலக்கினேன். அதற்குள் சூடு இருந்தது. “பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்” என்று சொன்னேன். வழக்கமாக உதட்டுக்குள் சொல்கிறவள், அன்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரே இழுப்பு.

ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். கடைசிவரை ஒரே இழுப்புதான்.

செத்தவற்றைத் தனியாக நாணலில் போட்டுவிட்டு, அறுத்தவற்றைக் கூடையில் அடுக்கினோம். கூடை நிறைந்தது.

திரும்பி வரும்போது பாதி வாய்க்காலில் அவர் பல்லால் கையின் கட்டை இறுக்கினார். பிறகு சொன்னார்.

“நான் அறுத்தேன்னு சொல்லிடுறேன்.”

“கை?”

“அறுத்ததுக்கு அப்புறம் வெட்டுச்சுன்னு சொல்லிக்கலாம்.”

எல்லாம் சரியாகிவிடும், எனக்கும் புரிந்தது. ஒரு வார்த்தை. யாருக்கும் நஷ்டமில்லை. எங்கள் வீட்டில் நான் அதுவரை விட்டுக்கொடுத்ததெல்லாம் அப்படி ஒரு வார்த்தைதான்.

“வேணாங்க.”

“ஏன் புள்ள? காக்கா விட மாட்டாங்க. விருந்து கெட்டுடும்.”

“அல்லா பேரைச் சொன்னது என் வாய். அதை உங்க வாய்னு சொன்னா, நான் சொன்னது எங்க போகும்? நான் பண்ணது தப்புன்னு நானே மூடி வைக்கிற மாதிரி ஆயிடும்.”

“நான் மறுபடி போகணும்னு வந்தா?”

கம்பை ஊன்றினேன்.

பெரிய மச்சான் வீட்டு முற்றம்

பெரிய மச்சான் வீட்டு முற்றத்தில் விருந்து சமைக்க வந்த பண்டாரி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். மோதினார் ஆட்டை அறுத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். சேறும் ரத்தமுமாக நாங்கள் போய்க் கூடையை இறக்கினோம். பெரிய மச்சான் மூடியைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“பரவாயில்லைடா. நெசமாவே பிடிச்சிட்டியே.” பிறகு கட்டைப் பார்த்தார். “கை என்னாச்சு? யாரு அறுத்தது?”

இவர் என்னைப் பார்த்தார். நான் எப்போதும்போல ஒதுங்கி, தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பெரிய மச்சானிடம் நேராகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. தூணை விட்டு வந்தேன்.

“நான்தான் மச்சான்.”

அவர் என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்தார். “என்னடா சொல்லுறா?”

“நான்தான் அறுத்தேன். பிஸ்மில்லா சொல்லி அறுத்தேன்.”

“ஊர்ல மோதினார் இல்லையா?”

“ஊர்ல இருக்காங்க. கழியில இல்லை.”

பண்டாரி அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டார். மோதினார் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “மார்க்கத்துல ஆகும், முதலாளி. பொம்பளை அறுத்தாலும் ஆகும். ஊர்ல பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.”

ஆகும். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கால் தரையில் ஊன்றியது.

“பழக்கம் இல்லாததைச் சபையில வைக்க முடியுமா?” என்றார் பெரிய மச்சான். “நாகூர்க்காரங்க கேட்டா நான் என்ன சொல்றது?”

“கேட்டா சொல்லுங்க.”

“வாயைப் பாரு. இத்தனை வருஷமா இது ஊமைன்னுல்ல நெனச்சேன்.” குரலைத் தணித்தார். கெட்டவர் இல்லை என்று சொன்னேன் அல்லவா? “சரி, விடு. இவன் அறுத்தான்னு சொல்லிடுவோம். மோதினாரும் பண்டாரியும் வெளிய பேச மாட்டாங்க. நீ உள்ள போ. விஷயம் முடிஞ்சுது. சொன்ன மாதிரி ஆர்டர் எல்லாம் வாங்கித் தர்றேன்.”

என் வீட்டுக்காரர் தலையாட்டப் போனார். ஆட்டினாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. குனிந்து கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

“எங்க எடுத்துட்டுப் போற?”

“பழக்கம் இருக்கிற வீட்டுக்கு.”

அப்படி ஒரு வீடு ஊரில் இல்லை என்பது எனக்கும் தெரியும். வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

“போறியா? போ. ஆனா இவனை நாளைக்குக் காலையில பாஸ்போர்ட்டோட கடைக்கு வரச் சொல்லிட்டுப் போ.”

நான் நடந்தேன். கூடை கனத்தது. தெரு அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவரை நான் அனுப்பிவைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒரு வார்த்தைக்காக. எங்கள் வீட்டுப் படி வரை திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவேன் என்று பயம்.

படியில் கால் வைக்கும்போது பின்னால் பட்டு பட்டென்று அந்த ரப்பர் செருப்புச் சத்தம் கேட்டது.

“கூடையைக் கொடு” என்றார். “ஒரு கை நல்லாத்தானே இருக்கு.”

“மச்சான் என்ன சொன்னாங்க?”

“என்னமோ சொன்னாங்க. நான் உன் பின்னாடி வந்துட்டேன்ல, முழுசாக் கேக்கல.”

கொல்லைக் கதவு

கொல்லையில் உட்கார்ந்து இறகு பிய்த்துக்கொண்டிருந்தோம். ஒற்றைக் கையால் அவர் பிய்த்த இறகு பாதி அவர் தலையிலேயே இருந்தது. பக்கத்து வீட்டுக் கதீஜா அக்கா, எங்கள் பேச்சில் லாத்தா, சுவரோரம் எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் ஜித்தாவில். வருகிற வருஷம் வருகிற வருஷம் என்று போய்க்கொண்டிருந்தவர்.

“நீதான் அறுத்தியாமே?”

அதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

“ஆமா லாத்தா.”

“ஆகுமாமே?”

“மோதினாரே சொன்னாங்க.”

அவள் கூடையைப் பார்த்தாள். “ரெண்டு கொடு. என்னா விலை? சும்மா வேணாம், காசுக்குக் கொடு.” இடுப்புச் சுருக்கிலிருந்து காசை எடுத்தாள். அவள் வீட்டுக்காரர் அனுப்பும் டிராஃப்ட் அவள் பேருக்குத்தான் வரும். “ஆம்பிளை அறுத்தாத்தான் திங்கணும்னா, நான் எந்த ஜென்மத்துல திங்கிறது?”

அவள் போய் அடுத்த வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் கூடை காலி. எல்லாரும் கொல்லைக் கதவு வழியாகத்தான் வந்தார்கள். சிலர் வாங்கவில்லை, என் கையைப் பார்த்துவிட்டுப் போகவே வந்தார்கள். ஒருத்தி முகம் சுளித்தாள். “எனக்கு வேணாம்மா, மனசு ஒப்பலை” என்றாள். ஒப்பவில்லை என்றால் வேண்டாம்தான். அவளோடு எனக்குச் சண்டை இல்லை. பெரிய மச்சான் வீட்டு விருந்தில் அன்றைக்கு ஆட்டுக்கறி போட்டார்கள் என்று கேள்வி.

மறுநாள் காலையில் அவர் பாஸ்போர்ட்டை எடுக்கவில்லை. கையில் கட்டோடு துறைக்குப் போய், சேறு காய்ந்து வெடித்த தோணியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அந்த விசாவில் வேறு யாரோ போனார்கள். பெரிய மச்சான் இரண்டு பெருநாள் எங்களோடு பேசவில்லை. தடை வரும்வரை நாங்கள் சிறகி பிடித்தோம். நான்தான் கம்பு போட்டேன், நான்தான் அறுத்தேன். எங்கள் தெருப் பெண்கள்தான் வாங்கினார்கள். கல்யாண வீட்டு ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. தடைக்குப் பிறகு அதே தோணியில் நண்டுக்குப் போனோம். பணக்காரராகவில்லை. மீதிப் பாதி வீடு கட்டவே இல்லை. ஆனால் அவர் மவுத்தாகிற வரைக்கும் இந்த ஊரில்தான் தூங்கினார், இந்த ஊரில்தான் விழித்தார்.

இதையெல்லாம் இப்போது எழுத வேண்டுமா என்று என் மக்களே கேட்கிறார்கள். எழுதத்தான் வேண்டும். அன்றைக்கு மறைத்துவிடு என்றார்கள், மறைக்கவில்லை. இன்றைக்கு மட்டும் எதற்கு?

பெரிய மச்சானின் மகன் இந்தப் பெருநாளைக்குச் சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். நல்ல பிள்ளை. கொல்லையில் நான் கத்தியும் கோழியுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சுற்றி வளைத்துச் சொன்னான்.

“ஏன் சாச்சி சிரமப்படுறீங்க? கடையில சுத்தம் பண்ணி வாங்கியிருக்கலாமே.”

“சிரமம் இல்லப்பா. மனசு ஒப்பாதவங்களுக்கு ரசம் வச்சிருக்கேன்” என்றேன்.

மறுநாள் காலையில், யாரும் தொடாத அந்த ரசத்தை நான்தான் ஊற்றிச் சாப்பிட்டேன்.